வலி மாத்திரைக்குள் மனச்சோர்வு மருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவிடப்பட்ட மருந்துகள் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, மனச்சோர்வு மருந்தை வலிநிவாரணியுடன் ஒரே மாத்திரையில் கலந்து தந்த வழக்கத்தை ஒரே வரியில் கடந்து சென்றுவிட்டது. அது விரிவாகப் பேசப்பட வேண்டியது என்பது என் கருத்து.

அந்தக் கலவை அடிப்படையே இல்லாத ஒன்றன்று. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் செரட்டோனின், நார்அட்ரினலின் என்னும் நரம்பு வேதிப்பொருள்களின் துணையால் வலியுணர்வை மட்டுப்படுத்துகின்றன; அவ்விரண்டின் செயலையும் கூட்டும் அமிட்ரிப்டிலின் என்னும் மனச்சோர்வு மருந்து, மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும், மனச்சோர்வுக்குத் தரப்படுவதைவிடக் குறைந்த அளவிலேயே நரம்பு வலியைத் தணிக்கிறது.

சிக்கல் உட்கொள்ளும் முறையில் இருக்கிறது. சாதாரண வலிநிவாரணியை வலிக்கும்போது விழுங்கி, வலி நின்றதும் விட்டுவிடுகிறோம். மனச்சோர்வு மருந்தையோ நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். அதன் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நிறுத்தும்போதும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால், வலி தாங்காமல் இன்னொன்றைப் போட்டுக்கொள்பவர், தம்மை அறியாமலேயே மனச்சோர்வு மருந்தின் அளவையும் இரட்டிப்பாக்கிவிடுகிறார். அமிட்ரிப்டிலின் வகை மருந்துகள் அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே பறிக்கக் கூடியவை என்பதால், இதை நான் மிகக் கடுமையான குறையாகவே பார்க்கிறேன்.

காசநோய்க்கென வந்து, நோயாளிகளின் மனநிலையை உயர்த்தியதால் மனச்சோர்வு மருந்தாக மாறிய ஐப்ரோனியாசிட், கல்லீரல் அழற்சியை உண்டாக்கியதால் 1961இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. அது சார்ந்த மருந்து வகையோடு பெத்திடின் என்னும் வலி ஊசி மருந்து சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பதும் தெரியவந்தது. இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்த நோமிஃபென்சின் என்னும் இன்னொரு மனச்சோர்வு மருந்து 1986இல் திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய மருந்து ஒன்று கூட்டு மாத்திரையில் வணிகப் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்தால், அதை விலக்கும் அறிவிப்பு வந்தாலும் தம் கையில் இருப்பது அதுதான் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, மாத்திரை அட்டையில் ஒவ்வொரு மூலப்பொருளின் பெயரும் வணிகப் பெயருக்கு இணையான எழுத்தளவில் அச்சிடப்பட வேண்டும். இன்று பரவலாகத் தரப்படும் டிராமடாலும் செரட்டோனினைக் கூட்டும் வலிநிவாரணியே. மனச்சோர்வு மருந்து உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் சேர்த்துக்கொள்வது ஆபத்தானது. இது குறித்து மருந்தியல் வல்லுநர் ஒருவரின் கட்டுரையை அடுத்த இதழ்களில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்