தோசை வண்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். மதுரை தெற்குவாசல் பக்கம் சாயங்காலமானால் வந்து நிற்கும் ஓர் இட்லி, தோசைத் தள்ளுவண்டியின் முப்பரிமாண மாதிரியை இந்த வாரம் முடித்தேன். சக்கரத்துக் கம்பியிலிருந்து சட்னி வாளியின் கைப்பிடி வரை எல்லாம் கணினிக்குள் வந்துவிட்டது. படங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டிப் பலர் எழுதுகிறீர்கள். மனம் நிறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு சிலருக்குப் போய்ச் சேர வேண்டும். அதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

கல்யாண மண்டபம், கடை உள்ளலங்காரம் என்று முப்பரிமாணப் படம் போட்டுக் கொடுப்பது என் தொழில். தெருக்கடை வண்டி ஒன்று தேவைப்பட்டு, இணையத்திலுள்ள மாதிரிக் கிடங்குகளில் தேடினால், குடை விரித்த ஹாட் டாக் வண்டியும் டாக்கோ வேனும்தான் வரிசையாக வரும். நம் ஊர் வண்டி என்று கிடைப்பதெல்லாம் ஒரு பெட்டி, நாலு சக்கரம், மேலே ஒரு கூரை. அதில் யாரும் தோசை சுட்டதாகத் தெரியாது. ஒரே ஒரு வண்டியையாவது அதன் கறை, கீறலோடு முழுசாகச் செய்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதல் வணக்கம் வண்டிக்கார அக்காவுக்கு. பிழைப்பு நடக்கிற இடத்தில் ஒருவன் இஞ்சு டேப்பும் கேமராவுமாக வந்து நின்றால் யாருக்கும் பயம் வரும். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "இதனால எனக்கு எதுவும் வில்லங்கம் வராதுல்ல தம்பி?" வராதுக்கா என்றேன். அதற்குப் பிறகு, வண்டி வந்து நிற்பதற்கும் அடுப்பு பற்றவைப்பதற்கும் இடையிலான நேரத்தை எனக்கென்று விட்டுக்கொடுத்தார். பலகை ஆறடி நீளம், மூன்றரையடி அகலம். தரையிலிருந்து தோசைக்கல் வரை மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. வழக்கமான வண்டியைவிட இது தணிவு. அக்கா குள்ளம். வண்டி செய்யும்போதே பட்டறையில் போய் நின்று கையை நீட்டிப் பார்த்து, "இதுக்கு மேல தூக்குனா தோள்பட்டை போயிரும்" என்று இறக்கச் சொன்ன உயரம் அது.

தோசைக்கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாதிரியில் எல்லோரும் பெரிதாக்கிப் பார்த்த இடம் அதுதான். இரும்புக் கல்லில் எண்ணெய் சூடேறி இறுகி, படலம் படலமாகப் படியும். நடுவில் அது கருத்து, வழவழவென்று பளபளக்கும். விளிம்பில் வழிந்த எண்ணெய் கசடாகக் கெட்டித்து மங்கலாக நிற்கும். ஒவ்வோர் ஈடு தோசை எடுத்த பிறகும் தண்ணீர் தெளித்து, ஈர்க்குமாறால் ஓர் இழுப்பு இழுப்பார் அக்கா. ஆண்டுக்கணக்கில் இழுத்து இழுத்து, கல்லில் மெல்லிய வளைகோடுகள் விழுந்திருக்கின்றன. கோணத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் அவை எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருப்பது தெரியும். அக்கா இடக்கைக்காரர். மாவு வாளி இடப்பக்கம், தட்டு அடுக்கு வலப்பக்கம், கேஸ் திருகு கூட இடது கைக்கு எட்டுகிற தூரத்தில். வண்டி முழுக்க அந்தக் கைக்காக அமைந்தது. நான் மாதிரி செய்யும் மென்பொருளான பிளெண்டரில் ஒரு பரப்பின் பளபளப்பைக் கூட்டிக் குறைக்க ரஃப்னஸ் என்று ஓர் அளவு உண்டு. கல்லில் எங்கே பளபளப்பு, எங்கே மங்கல் என்று சொல்லும் ரஃப்னஸ் படத்தைக் கையாலேயே வரைந்தேன், அந்த வளைகோடுகள் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி. அக்கா தன் மகளின் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "என் கல்லுதான்" என்றார். எனக்கு அதைவிட வேறு சான்றிதழ் வேண்டாம்.

போனில் நாலு பக்கமும் படம் எடுத்துப் போட்டால் மென்பொருளே மாதிரி செய்து தருமே, ஏன் இந்தப் பாடு என்று சிலர் கேட்டீர்கள். செய்து தரும். மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருள்களே இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துப் படங்களில் ஒரே புள்ளியை அடையாளம் கண்டு, அது இருக்கும் தூரத்தை அவை கணக்கிடுகின்றன. மரப்பலகை, சாக்குப்பை, செங்கல் என்றால் அருமையாக வரும். எவர்சில்வர் கொப்பரைக்கு வராது. பளபளப்பான பரப்பில் பார்க்கும் கோணம் மாறினால் பிம்பமும் மாறுகிறது, நிலையான புள்ளி எதுவும் சிக்குவதில்லை. இட்லிக் கடையில் பாதிச் சாமான் எவர்சில்வர். ஆகவே பலகையை மட்டும் அப்படி எடுத்துக்கொண்டு, பாத்திரங்களை அளவெடுத்துக் கையால் செய்தேன்.

சைக்கிள் கடைத் தாத்தாவுக்கு என் வணக்கம். தள்ளுவண்டிச் சக்கரம் பார்க்க எளிது. உட்கார்ந்து செய்யப்போனால்தான் தெரியும். ஸ்போக்ஸ் கம்பி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து நேராக வெளிவளையமான ரிம்முக்கு ஓடுவதில்லை. ஹப்பின் ஓரத்தை ஒட்டிச் சாய்ந்து புறப்பட்டு, எதிர்ச்சாய்வில் வரும் கம்பிகளைக் கடந்து போய்ச் சேர்கிறது. தாத்தா ஒரு பழைய ரிம்மை மடியில் வைத்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்தே காட்டினார். "கம்பி தாங்குறதில்லப்பா, இழுத்துப் பிடிக்குது. ஒண்ணு தளந்தா பக்கத்துல இருக்கறவன் தலையில பாரம் ஏறும்." பழைய கம்பெனி சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. அக்காவின் வண்டிக்கு நாலு சக்கரத்திலும் 40, அதுவும் தடித்த கம்பி. கணினியில் ஒரே ஒரு கம்பியையும், அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளையும் நுணுக்கமாகச் செய்து, மற்றவற்றை அதன் நகலாக வட்டமாக அடுக்கினால் நினைவகம் மிச்சமாகும். பின்பக்க வலது சக்கரத்தில் லேசான கோட்டம் இருந்தது. தாத்தா அதைப் பார்த்ததும் கோட்டம் எடுத்துத் தருவதாகச் சொல்லி, நிஜ வண்டிக்கு எடுத்தும் தந்தார், காசு வாங்கவில்லை. மாதிரியில் மட்டும் பழைய கோட்டத்தை விட்டுவைத்திருக்கிறேன்.

வெல்டிங் பட்டறை அண்ணனிடம் கற்றதை என் தொழில் முழுக்கப் பயன்படுத்துவேன். இரும்பு ஆங்கிளின் விளிம்பை கிரைண்டர் வைத்து மழுக்காமல் அவர் எந்த வண்டியையும் வெளியே விடமாட்டார். வேட்டி, சேலை கிழியும், குழந்தைகளுக்குக் கை அறுபடும். அந்த மழுங்கிய விளிம்பில்தான் வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக விழுகிறது. அந்தக் கோடு இல்லாத மாதிரி, அட்டையில் வெட்டி ஒட்டியதைப் போல உயிரில்லாமல் நிற்கும். துருவைப் பற்றியும் அவர்தான் சொன்னார். எண்ணெய்ப் புகை படிகிற அடுப்புப் பக்கம் இரும்பு துருப்பிடிக்காது. கை கழுவத் தண்ணீர்க் குடம் இருக்கும் மூலையின் அடிப்பக்கமும், வெல்டிங் வைத்த மூட்டுகளும்தான் முதலில் அரிக்கும். மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துரு பரவிவிடும். அது வெறும் அலங்காரம். துரு ஒவ்வோர் இடத்திலும் ஏன் வந்தது என்று கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

சிலிண்டர் போடும் தம்பிக்கும் நன்றி. கடைகளுக்கு உரியது 19 கிலோ நீலச் சிலிண்டர். அதன் கழுத்தைச் சுற்றியுள்ள பட்டையின் உட்பக்கம் ஓர் எழுத்தும் ஆண்டும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். சமையலறையில் தினமும் கண்ணில் படுகிற எழுத்து, நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? வீட்டில் இறக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்டு எழுதும் ஓவியர் ஐயா இந்த வண்டிக்குக் கிடைத்த வரம். பிளக்ஸ் வந்தபின் தகரத்தில் எனாமல் பெயிண்டால் எழுதச் சொல்லி வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் கை அப்படியே இருக்கிறது. நூலில் சாக்பீஸ் பொடி தடவி, இரண்டு முனையையும் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டார். 'இட்லி, தோசை, ஊத்தப்பம்' என்று சார்ட் தாளில் எனக்காக முழு அளவில் எழுதித் தந்தார். 'ஊ' எழுத்தின் மேல் வளைவைத் தூரிகையை எடுக்காமல் ஒரே மூச்சில் சுழற்றியதைப் பார்த்து நின்றுவிட்டேன். அந்தத் தாளை ஸ்கேன் செய்து, கோடு கோடாகப் பின்பற்றி வரைந்ததுதான் மாதிரியில் இருக்கும் போர்டு. விலைப்பட்டியலை மட்டும் எழுத்துருவில் வைத்தேன். நான் பயன்படுத்தும் பிளெண்டர் பதிப்பில் நேரடியாகத் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, எஸ்விஜி என்னும் கோட்டுப்படக் கோப்பாக உள்ளே கொண்டுவரலாம் என்று வழிகாட்டிய தமிழ்க் கட்டற்ற மென்பொருள் நண்பர்களுக்கு நன்றி. இதே சிக்கலில் மாட்டியிருப்பவர்களுக்கு உதவட்டும் என்றே இங்கே எழுதிவைக்கிறேன்.

பிளெண்டர் என்ற பெயரை எழுதும்போது முகம் தெரியாத சிலரையும் நினைக்கிறேன். அந்த மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டான் ரோசெண்டால் 2002இல் பொதுமக்களிடம் நிதி கேட்டார். ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது. அந்த அக்டோபரில் மென்பொருள் கட்டற்றதாக, அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியதாக, வெளிவந்தது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து மென்பொருள் வாங்கும் நிலையில் நான் என்றைக்கும் இருந்ததில்லை. அன்று பணம் போட்டவர்களில் யாருக்கும் தெற்குவாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. அவர்களுக்கும் இந்த வண்டியில் பங்கு உண்டு.

அம்மாவுக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் சொல்கிறேன். மாவு வாளியின் விளிம்பில் வழிந்து காய்ந்த மாவு எப்படி வெடிக்கும் என்று பார்க்க, கழுவாத வாளியை எனக்காக வீட்டில் வைத்திருந்தார். துணியில் வார்த்த இட்லியின் அடியில் நெசவுத் தடம் பதியும், மேல்பக்கம் பதியாது என்று சுட்டிக்காட்டியதும் அவரே. இட்லிக்கு நிறம் கொடுத்தால் மட்டும் போதாது. வெளிச்சம் அதற்குள் கொஞ்சம் இறங்கி, பரவி வெளியே வர வேண்டும். அதற்கும் மென்பொருளில் வழி இருக்கிறது. எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அம்மா சுட்ட இட்லியை டார்ச் முன்னால் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

கடைசிப் படங்களை உருவாக்க என் கணினிக்குத் தெம்பில்லை. கடை மூடிய பிறகு இரவெல்லாம் தன் கணினியை ஓடவிட்டு, மின்கட்டணத்தையும் தானே ஏற்றுக்கொண்ட டிடிபி கடை நண்பனுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

கவனித்தவர்கள் ஒன்று கேட்டீர்கள்: பணம் செலுத்தும் கியூஆர் அட்டை ஏன் ஸ்கேன் ஆகவில்லை? வேண்டுமென்றே கட்டங்களை மாற்றி, எதையும் காட்டாத வடிவமாக வைத்தேன். அக்காவின் கணக்கு விவரம் ஒரு மாதிரியோடு ஊர் சுற்றக் கூடாது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி தரப்பட்ட அடையாள அட்டையையும் லேமினேஷன் உறையோடு தொங்கவிட்டிருக்கிறேன். அட்டை இருக்கிறது, பெயரும் படமும் இல்லை. மற்றவர் வண்டியை மாதிரியாகச் செய்கிற எல்லோரும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

கோப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கும். பிளெண்டர் கோப்பும், போனில் திறக்கிற சிறிய ஜிஎல்டிஎஃப் வடிவமும் உண்டு. படம், விளையாட்டு, பாடம், எதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடும் இடத்தில் என் பெயரோடு 'தெற்குவாசல் வண்டிக்கார அக்கா' என்றும் சேர்த்துப் போடுங்கள். அப்படிப் போடத் தனக்குச் சம்மதம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்து பருத்திப்பால் வண்டி ஒன்றைச் செய்ய எண்ணம். பழைய பித்தளைப் பாத்திரத்தோடு இன்னும் தள்ளிக்கொண்டு வருபவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அவருக்குத் தோதான நேரத்தில் டேப்போடு வந்துவிடுகிறேன்.

மாறாத நன்றியுடன்,
உங்களில் ஒருவன்
மதுரை