சோற்றை விஷம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆரோக்கியப் பக்கத்தில் சோற்றை 'வெள்ளை விஷம்' என்று போட்டிருந்தீர்கள். சத்துணவு அமைப்பாளராக 33 ஆண்டுகள், பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்று அளந்து உலையில் போட்டவள் நான். சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை மதியம் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தை எழுத வராது.

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி இப்படிப்பட்ட குறிப்புகளைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். முதலில் சோற்றை விட்டாள். பிறகு இட்லி, வாழைப்பழம். ஊறவைத்த பாதாம் ஐந்தை எண்ணி எடுத்து, அதிலும் ஒன்றைத் திருப்பி வைப்பாள். நான் வற்புறுத்தினால் ஒரு பிடி சோற்றைப் பிசைந்து தட்டெல்லாம் பரப்பி, மீதியை அப்பளத்துக்கு அடியில் ஒளித்துவிட்டு எழுந்துவிடுவாள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. நான்கு மாதம் மாதவிலக்கு இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8. அதற்கு முந்தைய வாரம்தான் உறவுக்காரர் ஒருவர், "இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருந்தும் குண்டான மனைவியைக் கேலி செய்யும் துணுக்கு வாராவாரம் வருகிறது. தீபாவளி மலரில் பட்சணக் குறிப்புக்கு எதிர்ப்பக்கத்திலேயே உடம்பு இளைக்க விளம்பரம். இரண்டு ஆண்டுக்கு முன்பே எழுதினேன், பதில் இல்லை.

அளவில்லாமல் சாப்பிடச் சொல்லவில்லை. என் கணவருக்குச் சர்க்கரை. இரண்டு கரண்டி சோறு, அதைவிடக் கூடுதலாகக் கீரையும் பொரியலும், ஒரு கிண்ணம் பருப்பு. பொங்கலன்று இரண்டு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கலும் உண்டு. பயமில்லாமல் சாப்பிடுகிறார். பேத்தியின் பயத்தைப் போக்கத்தான் மனநல மருத்துவரும் உணவு ஆலோசகரும் எட்டு மாதமாகப் பாடுபடுகிறார்கள்.

இனி உணவுக் குறிப்பு எழுதுகிறவர் என்ன படித்தவர் என்று பெயருக்குக் கீழே போடுங்கள். 'விஷம்' என்ற சொல் வேண்டாம். வேறொன்றும் கேட்கவில்லை.

போன வாரம்தான் பேத்தி தானாக ரசம் சாதம் கேட்டாள். அதனால் உங்கள் இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் கூடத்தில் வைத்தேன். 30 ஆண்டு வாசகி. ஒரு பக்கத்தைக் கிழித்தது இதுவே முதல் தடவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
மன்னார்குடி