கலங்கரை விளக்கம் நகரவில்லை, கயல்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "அந்த ஊர்ல என்னம்மா இருக்கு? ஒரு ஹைவே, நாலு கடை, ஒரு ரயில் ஸ்டேஷன். வீட்டை வித்துட்டு ஆஸ்டினுக்கே வந்துடுங்க." அப்பா பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கும் வாயில் வார்த்தை வரவில்லை. நீ அக்கறையில் சொன்னாய், அது தெரியும். ஆனால் நீ வளர்ந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்று நீ நினைப்பதை என்னால் அப்படியே விட முடியவில்லை. தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. பாட்டு வகுப்பு, நீச்சல், கணக்கு ட்யூஷன் என்று உன்னைக் காரில் ஏற்றி இறக்கிய அத்தனை வருஷமும், கண்ணாடிக்கு வெளியே இருந்த ஊரை நாங்கள் உனக்குக் காட்டவே இல்லை. எங்களுக்கே அப்போது தெரியாது. நீ காலேஜுக்குப் போன பிறகுதான் நான் இந்த ஊரைக் கற்றுக்கொண்டேன்.

நம் நியூ ஜெர்சி மிடில்டவுனுக்கு நடு என்று ஒன்று கிடையாது. அதனால்தான் இங்கே ஒன்றும் இல்லாததுபோல் உனக்குத் தோன்றுகிறது என்று நினைக்கிறேன். டவுன்ஷிப் என்பது ஒரே ஊர் இல்லை, பல சிற்றூர்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. வளைகுடாப் பக்கம் போர்ட் மான்மத், பெல்ஃபோர்டு, லியனார்டோ. ஆற்றுப் பக்கம் நேவசிங்க், லோகஸ்ட். உள்ளே தள்ளி லிங்க்ராஃப்ட், அப்புறம் நம் நியூ மான்மத். எல்லாம் சேர்ந்து சுமார் 67,000 பேர். பெல்ஃபோர்டுக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டால் பெல்ஃபோர்டு என்றுதான் சொல்வார், மிடில்டவுன் என்று வாயில் வராது. முன்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கிறது. அட்லான்டிக் ஹைலண்ட்ஸ் 1887-இலும், ஹைலண்ட்ஸ் 1900-இலும், கீன்ஸ்பர்க் 1917-இலும் கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போவதுபோல் பிரிந்து போயின. கடலுக்குள் நீளும் சாண்டி ஹுக் மணல் முனை மட்டும் நம் டவுன்ஷிப்போடு நின்றுவிட்டது.

அந்த சாண்டி ஹுக்கிலிருந்துதான் எனக்கு இந்த ஊர் திறந்தது. நீ போன அடுத்த வருஷம், வீட்டில் இருக்கப் பிடிக்காமல், ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒருவர் வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். 1764-இல் கட்டியது. நியூயார்க் துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் இங்கே மணல் திட்டுகளில் மோதி உடைந்துகொண்டே இருந்ததால், நஷ்டப்பட்ட வணிகர்கள் கூடி லாட்டரி நடத்திப் பணம் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இன்றும் எரிகிற கலங்கரை விளக்கங்களில் இதுதான் மிகப் பழையது. சுதந்திரப் போரில் ஆங்கிலேயர் கையில் இது சிக்கியபோது, அமெரிக்கப் படையே 1776-இல் இதைப் பீரங்கியால் சுட்டுப் பார்த்தது. சுவர் அசையவில்லை.

அதற்கப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு நான் மணலில் அப்படியே நின்றுவிட்டேன். கட்டியபோது அந்த விளக்கம் மணல் முனையிலிருந்து சுமார் 500 அடி தூரத்தில் இருந்ததாம். இன்று முனை அங்கிருந்து ஒன்றரை மைல். தெற்கே உள்ள கடற்கரைகளை அலை அரித்து, அந்த மணலை வடக்கே தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து இங்கே சேர்க்கிறது. விளக்கம் நகரவில்லை, கயல். கரைதான் நகர்ந்து போய்விட்டது. சில சமயம் எதிர்ப்பக்கமும் நடக்கும். 1778-இல் மான்மத் போருக்குப் பிறகு ஆங்கிலேயப் படை மிடில்டவுன் வழியாகப் பின்வாங்கிக் கப்பலேற வந்தபோது, கடல் உடைத்துக்கொண்டு சாண்டி ஹுக் தீவாகக் கிடந்தது. படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டுத்தான் கடந்தார்கள். நீயும் நானும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே காரில் கடந்த அதே இடம்!

நான்காம் வகுப்பில் நியூ ஜெர்சி வரலாறு ப்ராஜெக்டுக்கு பெனலபி ஸ்டவுட் கதையை எடுத்தாயே, நினைவிருக்கிறதா? டச்சுப் பெண், கப்பல் உடைந்து சாண்டி ஹுக்கில் ஒதுங்கியவள், உடம்பெல்லாம் வெட்டுக்காயத்தோடு ஒரு மரப்பொந்தில் ஒளிந்திருந்தவள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பி இனத்துப் பெரியவர் ஒருவர் அவளைத் தூக்கிப்போய்க் காயம் ஆற்றினார் என்பார்கள். அதில் எது நடந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று பிரிக்க முடியாது. ஆனால் அவள் கணவன் ரிச்சர்டு ஸ்டவுட் மெய்யான ஆள். 1665-இல் ஆளுநர் நிக்கல்ஸ் கொடுத்த மான்மத் நிலப் பட்டயத்தில் இருக்கிற பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். நீ அந்த அட்டையில் பருத்தி ஒட்டி அலை செய்தாய். அந்தப் பெரியவருக்கு மட்டும் நீ முகம் வரையவில்லை. "எப்படி இருப்பார்னு தெரியாதும்மா" என்றாய். இப்போது யோசித்தால் அந்த ஒன்பது பத்து வயதுப் பிடிவாதத்தில் ஒரு நேர்மை இருந்திருக்கிறது. நிலம் லெனாப்பிகளுடையது. 1609-இல் கடலோடி ஹென்றி ஹட்சனின் கப்பல் இந்தக் கரையோரம் வந்து நின்றபோதே அவர்கள் இங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயர் நேவசிங்க் ஆற்றில் மிச்சம் இருக்கிறது.

அந்தப் பட்டயத்தைப் பற்றி இங்கே பெருமையாகச் சொல்வார்கள். யார் எந்த மதத்தைப் பின்பற்றினாலும் தடை இல்லை என்று அதில் எழுதிக் கொடுத்திருந்தது. அதை நம்பித்தான் லாங் ஐலண்டிலிருந்து க்வேக்கர், பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வந்தார்கள். இங்கே பாப்டிஸ்ட் சபையும் தொடங்கியது. எனக்கும் அந்தப் பெருமை பிடித்திருந்தது, மார்ல்பிட் ஹால் வீட்டுக்குள் போகும் வரை.

கிங்ஸ் ஹைவேயில் இருக்கிற அந்தப் பழைய வீட்டை நீ பள்ளி பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பாய். டெய்லர் குடும்பத்துப் பெரிய வீடு. சுதந்திரப் போரில் அவர்கள் ஆங்கிலேய அரசர் பக்கம் நின்றவர்கள். கீழே நல்ல மேஜை, பீங்கான், கணப்பு எல்லாம் இருக்கிறது. சமையலறைக்கு மேலே, கூரை தலையில் இடிக்கிற ஒரு பரண். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் அங்கேதான் படுத்தார்கள். அந்தத் தரைப் பலகைகளுக்கு அடியில் அவர்கள் ஒளித்து வைத்த சின்னச் சின்னப் பொருள்கள் நம் காலத்தில் கிடைத்திருக்கின்றன. அவர்கள் நம்பிக்கைப்படி காப்பாக வைத்தவை சில என்கிறார்கள். நிலைப்படியில் எலுமிச்சை கட்டி வளர்ந்த எனக்கு அது சட்டென்று புரிந்தது. தனக்கென்று எதுவுமே இல்லாதவர் பலகைக்கடியில் ஒன்றை வைத்துவிட்டு, இது என்னைக் காக்கும் என்று அதன் மேலேயே படுத்திருக்கிறார். என் கால் அந்தப் படிகளில் இறங்கவே மாட்டேன் என்றது. 1804-இல் இந்த மாநிலம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோதும், அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குத்தான் விடுதலை, அதுவும் பெண்ணுக்கு 21 வயதிலும் ஆணுக்கு 25 வயதிலும்தான். மனசாட்சிக்கு உரிமை கொடுத்த ஊரும் இதுதான், பரணில் மனிதரைப் பூட்டிய ஊரும் இதுதான். இரண்டையும் உனக்குச் சொல்லாமல் இந்த ஊர் நல்ல ஊர் என்று மட்டும் சொன்னால் அது பொய்.

ராணுவக் கதை ஏராளம், அதை அப்பாவிடம் கேள். ஒன்று மட்டும் சொல்கிறேன். லியனார்டோவில் கடலுக்குள் கிட்டத்தட்ட மூன்று மைல் நீள்கிற அந்தக் கடற்படைப் பாலம், கப்பலுக்கு வெடிகுண்டு ஏற்றுவதற்காக இரண்டாம் உலகப்போரில் கட்டியது. வெடித்தால் ஊருக்கு எட்டக்கூடாது என்றுதான் அவ்வளவு நீளம். அதற்குப் பக்கத்திலேயே 1958 மே மாதம், தரையில் இருந்த நைக் ஏவுகணைகள் எட்டு வெடித்து, ராணுவத்தினரும் பொதுமக்களுமாகப் பத்துப் பேர் செத்திருக்கிறார்கள். நியூயார்க்குக்குக் காவல் நின்ற ஊர் இது. அதற்கான விலையை இந்த ஊரே கொடுத்திருக்கிறது.

2001 செப்டம்பர் 11, நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த நாள், உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. இரண்டாம் வகுப்பில் இருந்தாய். அன்று மத்தியானம் உன்னை அழைத்துக்கொண்டு வரும்போது, வடக்கே புகை தெரிந்த பக்கம் நீ திரும்பாமல் இருக்க உன் தலையை என் இடுப்போடு அணைத்துக்கொண்டேன். தப்பித்தவர்கள் படகில் வந்து அட்லான்டிக் ஹைலண்ட்ஸ் துறையில் தூசி படிந்த உடம்போடு இறங்கினார்கள். ஆனால் என்னால் மறக்க முடியாதது ஸ்டேஷன் கார் நிறுத்துமிடம். காலையில் நிறுத்திவிட்டு ரயிலேறிப் போனவர்களின் கார்கள் மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே நின்றன. நம் டவுன்ஷிப்பில் இறந்தவர்கள் 37 பேர். ஸ்டேஷன் பக்கத்திலேயே, ஒவ்வொருவருக்கும் ஒரு கல் வைத்து, 2003-இல் தோட்டம் அமைத்தார்கள். "ஒரு ரயில் ஸ்டேஷன்" என்று நீ சொன்னபோது அப்பா எழுந்து போனது அதனால்தான். அந்தக் கற்களில் ஒன்று அவரோடு ரயிலில் தினமும் பேசிக்கொண்டு போனவருடையது. அப்பா தன் வாயால் இதை உனக்குச் சொல்லமாட்டார்.

அவருக்கு இப்போது சந்தோஷம் என்றால் பெல்ஃபோர்டு மீன்துறைதான். காம்ப்டன்ஸ் க்ரீக்கில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் இன்னும் நடக்கிறது. சனிக்கிழமை காலையில் போய்விடுவார். போர்கி, ஃப்ளூக், கணவாய், கோடையில் நீல நண்டு. போர்கியில் புளி கரைத்து வைத்த குழம்பை நீ சாப்பிட்டிருக்கிறாய், சங்கரா என்று நினைத்துச் சாப்பிட்டாய். இங்கே பங்கர் என்கிற மென்ஹேடன் மீனை எண்ணெய்க்கும் உரத்துக்கும் அரைக்கிற தொழிற்சாலை முன்பு இருந்ததாம். காற்று திரும்பினால் ஊரே நாறும் என்று அந்த மீனவர்கள் சொல்வார்கள். சொல்லும்போது முகத்தில் ஏக்கம்தான் தெரியும், ஏனென்றால் அது சம்பளத்தின் வாசனை.

சரி, வீட்டை விற்கச் சொன்னதற்கு நீ சொன்ன முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். சாண்டி புயல், அதுபோல் இன்னொன்று வருமோ என்ற பயம். 2012 அக்டோபர் 29, நீ காலேஜில் சேர்ந்து இரண்டு மாதம். போனில் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று மட்டும் சொன்னோம். நம் வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் வரவில்லை, கரண்ட்தான் போனது. சாண்டி ஹுக்கில் கடல் மட்டத்தை அளக்கிற கருவி, வழக்கத்தைவிட எட்டரை அடிக்கு மேல் உயர்ந்ததைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுபோனது. போர்ட் மான்மத்திலும் பெல்ஃபோர்டிலும் தெருவே வளைகுடாவாகிவிட்டது. இரண்டாம் நாள் பெரிய பாத்திரத்தில் சாம்பார் சாதம் செய்து எடுத்துப்போனோம். ஒரு கிழவர் வீட்டுப் பொருளையெல்லாம் வாசலில் குவித்துவிட்டு, ஈரமான போட்டோக்களைக் கொடியில் ஒவ்வொன்றாக கிளிப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கூடவே நின்று கிளிப் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன்.

அந்தக் கருவி 1932-லிருந்து அளந்து வைத்த கணக்கில், கடல் வருஷத்துக்கு நாலு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஏறுகிறது. நிலமும் கொஞ்சம் அமிழ்கிறது. போர்ட் மான்மத்தில் இப்போது மணல்மேடு, வெள்ளச்சுவர், ப்யூஸ் க்ரீக்கில் கதவு எல்லாம் கட்டியிருக்கிறார்கள். அதை வைத்து உன் பயத்தைத் தேவையில்லாதது என்று சொல்லமாட்டேன். நியாயமான பயம்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குப் பனியில் கார் ஓட்டப் பயம், அதுவும் உண்மை. என்றைக்காவது எங்களால் முடியாமல் போனால் உன்னிடம்தான் வருவோம், வேறு யாரிடம் போவோம். ஆனால் இந்த வருஷம் இல்லை. நீ அனுப்பிய வீட்டு ஏஜெண்டின் நம்பரை எடுத்து வைத்துவிட்டேன், கூப்பிடவில்லை. அதை உனக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

மே மாதம் பௌர்ணமியை ஒட்டி நாலு நாள் லீவு போட்டு வா. ராத்திரி கடல் ஏற்றத்தில் குதிரைலாட நண்டுகள் முட்டையிட வளைகுடாக் கரைக்கு வரும். அலை புரட்டிப்போட்டதில் நிறைய மல்லாந்து கிடக்கும். நானும் அப்பாவும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிவிடுகிறோம். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஓட்டின் இரண்டு ஓரத்தையும் பிடிக்க வேண்டும். உன் பழைய ரப்பர் பூட்ஸ் கராஜில்தான் இருக்கிறது. கால் அளவு இன்னும் அதேதானா என்று மட்டும் சொல்லு, இல்லையென்றால் புதுசு வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா