புதிய கைபேசிக்காக நிறுவனத்தை மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைத் தள்ளுபடியில் 5ஜி கைபேசி வாங்கிய கையோடு, "இந்த செட்டுக்கு உங்கள் சிம் சரிப்படாது, போர்ட் செய்து, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள்" என்று கடைக்காரர் சொல்வதும், வாங்கியவர் அங்கேயே நின்று 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும் எங்கள் ஊரில் வாடிக்கையாகிவிட்டது. தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அண்மையில் என் மருமகளுக்காக இதே கேள்வியோடு அலைந்தவன் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் விற்பனையாகும் கைபேசிகளில் மிகப் பெரும்பாலானவை எந்த நிறுவனத்தோடும் பூட்டப்படாதவை. கருவியையும் இணைப்பையும் ஒன்றாகவே வாங்க வேண்டியிருந்த சிடிஎம்ஏ காலத்து நினைவு நம்மை இன்னும் விடவில்லை போலும். கடைக்காரர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: அந்தக் கைபேசி எந்தெந்த அலைவரிசைகளை ஏற்கிறது என்பது. 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி சேவை தொடங்கியபோது ஜியோ தனித்து இயங்கும் 5ஜி முறையையும், ஏர்டெல் 4ஜி கட்டமைப்பின் துணையோடு இயங்கும் முறையையும் கைக்கொண்டன. 3300 மெகாஹெர்ட்ஸ் வரிசை இரண்டுக்கும் பொதுவானது. 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையை வாங்கிய ஒரே நிறுவனம் ஜியோ. அலைவரிசை எண் குறையக் குறைய அலை நெடுந்தூரம் செல்லும், சுவரையும் எளிதில் ஊடுருவும். கும்பகோணத்தில் எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. சுவர்கள் முழங்கை நீளத்துக்குத் தடிமன். முற்றத்தில் நின்றால் பறக்கும் இணையம், உள்ளறைக்குப் போனால் படுத்துவிடும். ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு நிறுவனம் எந்த வரிசையில் ஒலிபரப்புகிறது, நம் கைபேசி அதை ஏற்குமா என்ற இரண்டும்தான் கேள்வியே தவிர, விளம்பரத்தில் காட்டும் வேகம் அன்று.

நிறுவனங்கள் தங்கள் சேவை கிடைக்கும் இடங்களை வரைபடமாக இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வரைபடத்தில் எங்கள் தெரு முழுவதும் ஒரே வண்ணத்தில் இருக்கிறது. உள்ளறையின் நிலையை அது சொல்லாது. நாங்கள் செய்தது எளிய சோதனை. புதிய கைபேசியில் இரண்டு சிம் போடலாம் என்பதால், மற்ற நிறுவனத்தின் முன்கட்டண சிம் ஒன்றைத் தனி எண்ணாக வாங்கி, ஒரு மாதம் சமையலறையிலும் மாடியிலும் மருமகள் வேலைக்குப் போகும் பேருந்திலும் பயன்படுத்திப் பார்த்தோம். ஒரு மாத ரீசார்ஜ் செலவு வீண் என்று என் மகன் முணுமுணுத்தான். ஆனால் ஒருமுறை மாறிவிட்டால் அடுத்த 90 நாள்களுக்கு வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது என்ற விதியை நினைத்தால் அது வீணல்ல.

விதிகளைப் பற்றிக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. சோதனைக்கு முன்பே மாறிவிட எண்ணியிருந்த மருமகளின் பழைய சிம்மைச் சிறிய அளவுக்கு வெட்டித் தருகிறேன் என்று கடைப் பையன் ஒருவர் வெட்ட, அது பாழாயிற்று. அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கினோம். தொலைந்த அல்லது பழுதான சிம்முக்கு மாற்று வாங்கினால் ஏழு நாள்கள் கழியும்வரை, நிறுவனம் மாறத் தேவையான போர்ட் குறியீடு கிடைக்காது என்பது, மோசடிகளைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. நியாயமான விதிதான். அது தெரியாமல் நாள்தோறும் அந்தக் குறியீட்டைக் கேட்டு 1900க்குச் செய்தி அனுப்பி ஏமாந்ததுதான் மிச்சம். இந்தத் தாமதம்தான் எங்களைச் சோதித்துப் பார்க்க வைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கும் உண்டு. முன்கட்டண இணைப்பில் மீதமிருக்கும் தொகை மாறும்போது உடன் வராது. ஆண்டுத் திட்டத்தில் ரீசார்ஜ் செய்துவிட்டு மூன்றாம் மாதமே மாறுகிறவர் பெருந்தொகையை விட்டுச் செல்கிறார். மேலும், 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது, ஜியோ, ஏர்டெல் இரண்டுமே வரம்பற்ற 5ஜியை நாளொன்றுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கு மட்டும் என்று சுருக்கின. கைபேசி 5ஜியாக இருந்தும் திட்டம் சிறியதாக இருந்தால், நிறுவனம் மாறியதால் மட்டும் பயன் வந்துவிடாது.

வீட்டிலுள்ள எல்லோரையும் ஒரே நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. என் தாயாரிடம் இருப்பது பழைய 2ஜி பொத்தான் போன். 2ஜி சேவையே இல்லாத நிறுவனத்துக்கு அவருடைய எண்ணை மாற்றினால் அந்தப் போன் வெறும் டப்பா. எண்பது வயதுக்கு மேல் தொடுதிரையைப் பழகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அந்த யோசனையைக் கைவிட்டோம்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்தது. அதைப் பயன்படுத்துகிறவர் விவரம் அறிந்து முடிவெடுக்க வேண்டுமென்றால், கைபேசிப் பெட்டியின் மேலட்டையில் கேமராவின் மெகாபிக்சல் அச்சிடும் அளவிலேயே அது ஏற்கும் 4ஜி, 5ஜி அலைவரிசைகளையும் அச்சிட உத்தரவிட வேண்டும். முன்கட்டண வாடிக்கையாளர் மாறிச் செல்லும்போது பயன்படுத்தாத மாதங்களுக்குரிய தொகையைத் திருப்பித் தரவும் டிராய் வழி செய்ய வேண்டும். சோதனை மாதம் முடிந்து, என் மருமகளின் எண் இப்போதும் பழைய நிறுவனத்திலேயே இருக்கிறது. உள்ளறையில் இரண்டு நிறுவனங்களும் ஒன்றுபோலவே படுத்தன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைபேசி ஊழியர்,
கும்பகோணம்.