செயலாளரின் ஆண்டறிக்கை: டிரேட்டன் ஹாலில் ஒரு சிப்பி மாலை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டனில் நம் தமிழ்ச் சங்கத்துக்கு இது நிறைவான ஆண்டு. செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பிப்ரவரியில் ஆஷ்லி ஆற்றங்கரை டிரேட்டன் ஹால் வளாகத்தில் நடத்திய சிப்பி விருந்து பற்றித்தான் உறுப்பினர்கள் அதிகம் கேட்டார்கள். அதனால் அதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், அந்த இடம் வேண்டுமா என்ற விவாதம். ஜான் டிரேட்டன் 1738 இல் வாங்கிய நிலத்தில் எழுந்த செங்கல் வீடு அது. 1886 நிலநடுக்கத்தையும் 1989 ஹியூகோ புயலையும் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்த வீட்டின் வாழ்வு அடிமைகளின் உழைப்பில் நடந்தது. "அங்கே போய் விருந்து சாப்பிடுவதா?" என்று குழுவில் இருவர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டு கூட்டம் பேசினோம். போவது என்றால் அங்குள்ள இடுகாட்டுக்குப் போய்விட்டுத்தான் அடுப்பு மூட்ட வேண்டும் என்று முடிவானது.

அப்படியே செய்தோம். வெயில் சாயும் முன்பே, குழந்தைகள் உட்பட எழுபது பேருக்கு மேல் அங்கே போனோம். 1790 வாக்கில் தொடங்கிய இடுகாடு அது. அடிமைகளாக இருந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். பல குழிகளுக்குக் கல்லே இல்லை. பூச்செடி வைத்து அழகுபடுத்தாமல் காடாகவே விட்டிருக்கிறார்கள். இங்கே 1908 இல் பிறந்து, பின்னாளில் இதே வளாகத்தில் வாயிற்காவலராக இருந்த ரிச்மண்ட் போவன்ஸின் விருப்பம் அது. "அவர்களை உறங்க விடுங்கள்" என்ற அவர் சொல் வாசல் வளைவில் இருக்கிறது. 1998 இல் மறைந்த அவரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். சத்தம் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் தாமாகவே அடங்கிப்போனார்கள்.

இந்தக் கரையோரச் செல்வத்தில் பெரும்பகுதி நெல்லில் வந்தது. சதுப்பில் வரப்பு கட்டி, ஆற்றின் ஏற்ற வற்றம் பார்த்து நன்னீர் பாய்ச்சியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். நீரைத் திறந்து மூடும் மர மதகுக்கு இந்தப் பக்கத்தில் "டிரங்க்" என்று பெயர். மதகு என்றதும் தஞ்சாவூர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் பிள்ளைகளை உட்காரவைத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். அந்த அரை மணி நேரத்துக்காகவே இந்த நிகழ்ச்சியை மீண்டும் நடத்தலாம் என்பது என் கருத்து.

அப்புறம் அடுப்பு. சிமெண்ட் கற்கள் மேல் இரும்புத் தகடு, அடியில் ஓக் விறகு. கழுவிய சிப்பியை மண்வாரியால் அள்ளித் தகட்டில் பரப்பி, நனைத்த சாக்கைப் போர்த்த வேண்டும். எட்டுப் பத்து நிமிடத்தில் ஆவியில் ஓடு வாய் திறக்கும். இங்கத்திய சிப்பி ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகத்தான் வரும். ஒரு கையில் உறை, மறு கையில் மழுங்கிய கத்தி. எலுமிச்சையும் மிளகாய்ச் சாஸும் போதும். பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம், எல்லோரும் கேட்டார்கள். இறால், சோளம், சாசேஜ், உருளைக்கிழங்கு போட்டு வேகவைக்கும் ஃப்ராக்மோர் ஸ்ட்யூவும் இருந்தது. சைவர்களுக்குப் புளியோதரை தனி மேசையில். வீட்டுக்குள் மின்சாரம் கிடையாது. இருட்டியதும் அந்த இரண்டடுக்குத் தூண் முகப்பு கறுப்பாக நிற்க, எங்களுக்கு வெளிச்சம் நெருப்பும் நாங்கள் கொண்டுபோன விளக்குகளும்தான்.

குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். சிப்பி ஓட்டைக் குப்பையில் போடக்கூடாது. சிப்பிக் குஞ்சு ஒட்டி வளரப் பழைய ஓடுதான் தோது. மாநில இயற்கை வளத் துறை ஓடுகளைச் சேகரித்து, ஆறு மாதம் வெயிலில் காயவிட்டு, ஆற்றோரம் திரும்பப் போடுகிறது. வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்கு 50 காலன், அதாவது சுமார் 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும். இதெல்லாம் தெரிந்தும் தனி வாளி வைக்க மறந்துவிட்டேன். காகிதக் குவளை, எலுமிச்சைத் தோல், ஓடு எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்தன. பத்து பேர் இரவு பதினொரு மணி வரை டார்ச் வெளிச்சத்தில் பிரித்தார்கள். அவர்களுக்கு என் மன்னிப்பும் நன்றியும்.

பிரிக்கும்போது ராமநாதபுரத்தில் பிறந்த மூத்த அம்மா ஒருவர், தன் ஊரில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததைச் சொன்னார். இங்கேயும் அதே கைவேலை உண்டு. இதே ஆற்றின் மேற்புறத்தில் உள்ள டார்செஸ்டர் கோட்டைச் சுவர், சிப்பி ஓட்டைச் சுட்ட சுண்ணாம்போடு மணலும் ஓடும் கலந்து கட்டிய "டாபி" சுவர். இந்த வசந்தத்தில் அம்மாவை அங்கே அழைத்துப் போகிறோம். சேர்ந்து வருபவர்கள் பெயர் கொடுக்கலாம்.

அடுத்த விருந்தும் பிப்ரவரியிலேயே இருக்கட்டும் என்று குழு கருதுகிறது. இடுகாட்டுக்கு முதலில் செல்வது, மேசைக்கு இரண்டு வாளி வைப்பது, ஓட்டை மறுநாளே சேகரிப்பு இடத்தில் சேர்ப்பது ஆகிய மூன்றையும் தீர்மானமாகப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

செயலாளர்