கிராமத்தில வீடு மலிவு எண்டு யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில வந்த வீடு வாங்குற கட்டுரையில, லண்டனை விட்டு ஒரு சின்ன இங்கிலீஷ் கிராமத்துக்குப் போனா பாதி விலைக்கு வீடு எடுக்கலாம் எண்டு ஒரு வரி இருந்தது. நோர்ஃபோக் கரையோரக் கிராமம் ஒண்டில கனகாலமா கடை நடத்துற எனக்கு அதை வாசிச்சதில இருந்து மனசு ஆறேல்ல.

கட்டுரைக்காரர் எடுத்தது கவுன்சில் பகுதி முழுக்கவுக்குமான சராசரி. அதுக்குள்ள கிங்ஸ் லின் டவுனில இருக்கிற ஃபிளாட்டும் டெரஸ் வீடும் சேருது. அந்த விலையை பேர்ன்ஹாம் மார்க்கெட் எண்ட ஊர்ப் பக்கம் சொல்லேலுமா? வெள்ளைக்காரரே அந்த ஊரை, லண்டனில பணக்காரர் இருக்கிற செல்சியை வச்சு, கடலோரச் செல்சி எண்டுதான் சொல்லுறவை. சின்ன ஊரில வருசத்துக்கு விரல் விட்டு எண்ணுற வீடுதான் கைமாறும், அதில பழைய பண்ணைக் கொட்டிலை மாத்திக் கட்டின பெரிய வீடு ஒண்டு வித்தாலே சராசரி எங்கயோ போயிடும். இது உங்களுக்குத் தெரியாத விசயமில்ல.

என்ர கடையில நிக்கிற பிள்ளை இந்த ஊரிலயே பிறந்து வளந்தவ, இப்ப ஃபேக்கன்ஹமில இருந்து பஸ்ஸில வாறா. 2025 ஏப்ரல்ல குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண்ஸ் ஆச்சு, அந்தக் கணக்கில கிழமைக்கு 40 மணித்தியாலம் செய்தாலும் வருசத்துக்கு 25,000 சொச்சம்தான், பாங்க் நாலரை மடங்கு மோர்ட்கேஜ் தந்தாலும் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம், அந்தக் காசுக்கு இங்க ஒரு வீடு விலைக்கு வந்து நான் பாக்கேல்ல. அவவின்ர அம்மம்மா இருந்த கவுன்சில் வீடு, வாடகைக்கு இருக்கிறவை வீட்டை வாங்கலாம் எண்ட 1980 சட்டத்தோட வித்துப்போய், கைமாறிக் கைமாறி இப்ப ஹொலிடே லெட், விடுமுறைக்கு வாறவைக்கு வாடகைக்கு விடுற வீடு. வாசல் சுவரில நம்பர் அடிச்சுத் திறக்கிற திறப்புப் பெட்டி ஒண்டு அடிச்சிருக்கு. நவம்பர் வந்தா அந்த வரிசையில ஒரு லைட் எரியாது, நான் பாண் ஓடரைப் பாதியாக் குறைப்பன்.

ரெண்டாவது வீட்டுக்கு முத்திரை வரி 5 வீதம் கூட, வீட்டுக்குக் கட்டுற கவுன்சில் டாக்ஸையும் 2025ல இருந்து கவுன்சில் இரட்டிப்பாக்கலாம், எல்லாம் சரி. ஆனா வருசத்தில 140 இரவு வாடகைக்கு வச்சு 70 இரவு விட்டுக் காட்டினாக் காணும், வீடு கவுன்சில் டாக்ஸில இருந்து பிஸ்னஸ் ரேட்ஸ் எண்ட வியாபார இட வரிக்கு மாறிடும், சின்ன வியாபாரச் சலுகையில கனபேர் ஒரு சதமும் கட்டுறேல்ல. இதை ஏன் ஒருத்தரும் எழுதுறேல்ல? கோர்ன்வோலில செயின்ட் ஐவ்ஸ் சனம் 2016ல வாக்குப் போட்டு, புதுசாக் கட்டுற வீட்டில நிரந்தரமா இருக்கிறவைதான் இருக்கலாம் எண்டு கொண்டுவந்ததைப் பற்றி எழுதுங்கோ எண்டு முந்தியும் உங்களுக்குக் கடிதம் போட்டனான். பதிலே இல்ல. ஆனா ஹொலிடே லெட்டில காசு போடுங்கோ எண்ட விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வருது. வருத்தமா இருக்கு ஐயா, உங்கட பேப்பரை நம்பி லண்டனில இருந்து குடும்பத்தோட கார் பிடிச்சு வந்து, வீடு விக்கிற ஏஜென்ட் ஜன்னலில விலையைப் பாத்திட்டு என்ர கடையில வந்து தண்ணிப் போத்தல் வாங்கிற சனத்தின்ர முகத்தை நான்தான் பாக்கிறன்.

காணி, வீடு பதியுற அரசாங்க லாண்ட் ரெஜிஸ்ட்ரியில 1995ல இருந்து வித்த விலை ஊர் வாரியா, தெரு வாரியா இருக்கு, பாக்கக் காசும் இல்ல. அதை எப்பிடிப் பாக்கிறதெண்டு அடுத்த இதழில ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டு, அந்த ஒரு வரியையும் திருத்தி விடுங்கோ.

இப்படிக்கு,
உங்கட நெடுநாள் வாசகர்,
நோர்ஃபோக்