பேத்திக்கு ஒரு பொதுப் பெயர்

அன்பின் வசந்தி,

நாங்கள் நலம். நீயும் பிள்ளைகளும் எப்படி? குழந்தையின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு ஒன்றும் எழுதவில்லை என்று கோபித்திருப்பாய். இங்கே கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது, பிள்ளை இரவு முழுக்கச் சிணுங்குகிறாள், மகளும் நானும் மாறி மாறித்தான் நித்திரை கொள்கிறோம்.

பேத்திக்கு இன்றைக்கு 19 நாள். பெயர் இன்னும் முடிவாகவில்லை, 31ஆம் நாள் பிள்ளை பிறந்த தீட்டைக் கழிக்கும் துடக்குக் கழிவுக்கு முன் முடிவெடுக்க வேண்டும். இவர் முதலில் 'மாதுமை' என்றார். கோணேசர் கோயில் அம்மன் மாதுமையாளின் பெயர், நம் திருகோணமலைக்குப் பொருத்தம்தான், எனக்கும் ஆசை. ஆனால் மகளும் மருமகனும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பேசி வைத்துவிட்டார்கள், ஆணென்றாலும் பெண்ணென்றாலும் ஒரே பெயர்தான் என்று. பெயரைப் பார்த்தே "இது பொம்பிளைப் பிள்ளை" என்று யாரும் ஒரு அளவு எடுத்து வைக்கக்கூடாதாம். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், தமிழில் இது ஒன்றும் புதிதில்லை, வசந்தி. அன்பு, மதி, எழில், கதிர், தமிழ், இசை, புகழ் எல்லாம் பொதுவான சொற்கள். நாம்தான் கடைசியில் ஒரு 'அன்'னையோ 'இ'யையோ ஒட்டிப் பிரித்துவிடுகிறோம். பள்ளியில் படித்தோமே, ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார் என்று இரண்டு சங்கப் புலவர்கள். ஊர் ஒன்று, பெயரின் அடியும் ஒன்று, ஒட்டு மட்டும்தான் வேறு. அந்த ஒட்டை விட்டுவிட்டால் மிஞ்சுவது நல்ல சொல்தானே!

குழந்தையின் நட்சத்திரம் கார்த்திகை. அ, இ, உ, எ என்று நாலு எழுத்தைச் சாத்திரியார் சொன்னார். மகள் 'எழில்' என்றாள். கேட்க எவ்வளவு அழகு! ஆனால் மருமகன் கொழும்பில் வேலை செய்கிறவர், அவருக்குத் தெரியும், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ழகரம் கிடையாது. ஒருவர் 'எலில்' என்பார், இன்னொருவர் 'எசில்' என்பார், கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் சான்றிதழில் ஒரு மாதிரியும் எழுதிவிட்டால் பிள்ளை ஆயுள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். அதனால் அதை விட்டோம்.

இப்போது நிற்பது 'அருள்'. என் அம்மா அருளம்மா, உனக்குத் தெரியும், எத்தனை நாள் அவ கையால் பிட்டும் சம்பலும் சாப்பிட்டிருக்கிறாய். சம்மந்தியின் தகப்பன் பெயர் அருளானந்தம். இரண்டு பேரும் ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள், அதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சம்மந்தியம்மா மட்டும் "அருள் ஆம்பிளைப் பெயர் மாதிரி இருக்கு, ஒரு 'செல்வி' சேர்த்து அருட்செல்வி என்று வையுங்கோ" என்கிறா. ஒட்டுச் சேர்த்தால் பழையபடி ஆகிவிடும் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள்.

சம்மந்தியம்மா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. என் தம்பி மதிக்கு நடந்தது நினைவிருக்கிறதா? பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தான், சான்றிதழில் 'செல்வி மதி' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். மூன்று நாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதான். போன கிழமை அவனிடமே கேட்டேன், பெயரை மாற்ற நினைத்தாயா என்று. "சான்றிதழைத்தான் மாற்றச் சொன்னேன், பெயரையில்லை" என்றான். அந்த ஒரு வார்த்தையில் என் மனம் அருள் பக்கம் சாய்ந்துவிட்டது.

இன்னொன்றும் யோசித்தேன். நம் பேச்சில் 'அருள் வந்தாள்' என்றால் அந்த இடத்திலேயே விளங்கிவிடும், வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது. வளர்ந்தபின் அடையாள அட்டை எடுத்தால் அதன் இலக்கத்திலும் இருக்கும், பெண்கள் என்றால் பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற எண்ணோடு 500 கூட்டுவார்கள், ஜனவரி 1இல் பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியது அங்கே இருக்கட்டும், பெயரும் அதையே ஏன் சொல்ல வேண்டும்?

உன் பேரனுக்குப் பெயர் வைத்தபோது அங்கே தமிழ் தெரியாதவர்கள் வாயில் நுழைகிறதா என்று நீ எவ்வளவு யோசித்தாய். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். 'அருள்' என்றால் அவர்கள் 'ஆருல்' என்பார்களா? ள், ல் ஆனாலும் பரவாயில்லை, வேறு விதமாகச் சிதைந்துவிடுமா என்பதுதான் என் கவலை. சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுது, 31க்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. சம்மந்தியம்மாவிடம் மெல்லப் பேச வேண்டிய வேலை என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு ஒன்றாகப் போகிறோம், வழியில் கதைக்கிறேன்.

சரி, பிள்ளை எழும்பிவிட்டாள்.

அன்புடன்,
ராஜி